ஒரு மணி நேர ரிப்போர்ட்ல கிருமி இருக்குன்னாங்க, மூணாம் நாள் கல்ச்சர்ல இல்லைங்கிறாங்க, எத நம்புறது டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு வயசு 61, சுகர் இருக்கு. நிமோனியான்னு ஐசியூல சேர்த்து ஆறு நாளா வென்டிலேட்டர்ல இருக்காரு. நாலாம் நாள் திரும்பவும் காய்ச்சல் வந்ததால மெரோபெனம், கொலிஸ்டின், டெய்கோபிளானின்னு மூணு ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு சாயங்காலமே 16,000 ரூபாய் கட்டச் சொல்லி சளியில பிசிஆர் பேனல்னு, பல கிருமிய ஒரே தடவையில தேடுற டெஸ்ட் எடுத்தாங்க. கிளெப்சியெல்லாங்கிற பாக்டீரியா, சிடிஎக்ஸ்-எம்ங்கிற ஜீன், இன்ஃப்ளூயன்சா ஏங்கிற ஃப்ளூ வைரஸ் இருக்குன்னு வந்துச்சு. அதே சளியில கல்ச்சர் இப்ப "வளர்ச்சி இல்லை"ன்னு வந்திருக்கு. எது சரி? பணம் வீணா? திரும்ப டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: ரெண்டு ரிப்போர்ட்டும் சரியாத்தான் இருக்கும்மா, ரெண்டும் பார்க்கிறது வேற வேற. கல்ச்சர்ங்கிறது விதை போட்டு முளைக்குதான்னு பார்க்கிற மாதிரி, கிருமி உசிரோட இருந்தாத்தான் வளரும், அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். பிசிஆர் கிருமியோட டிஎன்ஏவையோ ஆர்என்ஏவையோ பிடிச்சு இரட்டிச்சுக்கிட்டே போகும், 30 தடவை இரட்டிச்சா ஒண்ணு 100 கோடியத் தாண்டிரும், அதான் ஒரு மணி நேரத்துல சொல்லிருது. ஆனா உசிரோட இருக்கிற கிருமியா செத்த கிருமியான்னு அதுக்குத் தெரியாது. உங்க அப்பாவுக்கு சளி எடுக்குறதுக்கு முன்னாடியே மெரோபெனம் ஏறிடுச்சுல்ல, அதுல கிருமி செத்திருக்கலாம், டிஎன்ஏ மட்டும் மிச்சம் இருந்திருக்கும். முதல் டோஸுக்கு முன்னாடியே சளி எடுத்திருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது, ஆனா மூச்சு முட்டுற ஆளுக்கு மருந்த நிறுத்தி வைக்கவும் முடியாது, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்.

பேனல் ரிப்போர்ட்ல கிளெப்சியெல்லா பக்கத்துல ஒரு எண் இருக்கும், அதப் பாருங்க. ஒரு மில்லி சளியில 10 ஆயிரமா, 1 லட்சமா, 10 லட்சமா, 1 கோடியான்னு போட்டிருப்பாங்க. 1 கோடின்னா அதுதான் நோயக் கொடுக்குதுன்னு நம்பலாம், 10 ஆயிரம்னா தொண்டையிலயும் ட்யூப்லயும் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிற கிருமியாவும் இருக்கலாம்.

நான் உண்மையில கவலைப்படுறது வேற விஷயத்துக்கு. ரிப்போர்ட் வந்த அந்த மணி நேரத்துல மருந்துல என்ன மாத்துனாங்க? நீங்க எழுதுனதுல அது இல்ல. இன்ஃப்ளூயன்சா ஏ-ன்னு வந்திருக்கு, ஃப்ளூவுக்கான மருந்து ஒசெல்டாமிவிர் ஆரம்பிச்சாங்களா? ஐசியூ வரைக்கும் போன ஃப்ளூவுக்கு அது அன்னைக்கே மூக்குக் குழாய் வழியா போயிருக்கணும். சிடிஎக்ஸ்-எம்ங்கிறது சில ஆன்டிபயாட்டிக்க உடைக்க கிருமிக்கு உதவுற ஜீன், அதுக்கு மெரோபெனமே பொதுவா போதும். மெரோபெனத்தையும் உடைக்கிற என்டிஎம், ஆக்சா-48 ஜீன் ரெண்டும் "இல்லை"ன்னு இருந்தா கொலிஸ்டின் இன்னும் ஏன் ஓடணும், அது கிட்னிய அடிக்கிற மருந்து, சுகர்காரருக்கு இன்னும் மோசம். டெய்கோபிளானின் முக்கியமா ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிற கிருமிக்காகப் போடுறது, அதுவும் இல்லைன்னா அந்த மருந்து எதுக்குன்னு கேட்கலாம். ஆனா நீங்களா நிறுத்தச் சொல்லாதீங்க, ஜீன் இல்லைன்னா ரெசிஸ்டன்ஸே, அதாவது மருந்துக்கு மசியாத தன்மையே, இல்லைன்னு அர்த்தமில்ல, கிருமி வேற வழியிலயும் தப்பிக்கும், அப்பாவப் பக்கத்துல இருந்து பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும். காரணம் கேளுங்க, அது உங்க உரிமை.

இங்கிலாந்துல 14 ஐசியூல இந்த டெஸ்ட்ட வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, இன்ஹேல்னு பேரு. ஆன்டிபயாட்டிக்க சரியா தேர்ந்தெடுக்கிறது கூடுச்சு, நோயாளிங்க குணமாகுறது கூடல. அதனால இது உசிரக் காப்பாத்துற டெஸ்ட்டுன்னு யாராவது சொன்னா நம்பிறாதீங்க, மருந்த சரி பண்ண உதவுற டெஸ்ட், அவ்வளவுதான். மருந்தே மாத்தலன்னா அந்த 16,000 வீண்தான், வருத்தமா இருந்தாலும் அதான் நிஜம்.

இன்னொண்ணு, பேனல்ல இல்லாத கிருமியும் நிறைய இருக்கு. டிபி இல்ல, அதுக்கு சிபிநாட்னு தனி டெஸ்ட். உண்ணிக் காய்ச்சல் இல்ல. மழைக்காலத்துல வயல் வேலை பார்க்கிற ஒருத்தர் எங்க ஐசியூல வென்டிலேட்டர்ல இருந்தாரு, பேனல்ல எல்லாமே நெகட்டிவ், வைரஸாத்தான் இருக்கும்னு பேசிக்கிட்டு இருந்தோம். ராத்திரி துணி மாத்துறப்ப சிஸ்டர் கூப்பிட்டுக் காட்டுனாங்க, அரைஞாண் கயிறுக்கு அடியில பீடி சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு. உண்ணி கடிச்ச இடம். டாக்சிசைக்ளின் போட்டோம், நாலாம் நாள் ட்யூப் எடுத்தோம். அதனால கேக்குறேன், அப்பா சமீபத்துல தோட்டம், காடுன்னு போனாரா, ஆடு மாடு பார்ப்பாரா? டாக்டர்கிட்ட சொல்லாம விட்டிருந்தா இப்ப சொல்லிருங்க.

திரும்ப பேனல் வேண்டாம். செத்த கிருமியோட டிஎன்ஏ பல நாள் சளியில இருக்கும், குணமாகிட்டு வந்தாலும் பாசிட்டிவ்னே காட்டும், பயந்துருவீங்க. வென்டிலேட்டர்ல ஆக்சிஜன் எத்தனை சதவீதம் வச்சிருக்காங்க, நேத்தைக்கு விட குறைஞ்சுதா, சக்ஷன்ல வர்ற சளி மஞ்சளாவே இருக்கா தெளிஞ்சிருக்கா, காய்ச்சல் இறங்குதான்னு தினமும் விசாரிங்க. கொலிஸ்டின் ஓடுறதால, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் எவ்வளவு, நேத்து முழுக்க யூரின் எவ்வளவு போச்சுன்னு இன்னைக்கே கேட்டுருங்கம்மா.