எழுதி வாங்காமல் செய்த கூடுதல் வேலைக்குக் காண்ட்ராக்டர் பணம் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்கு இப்போது பணம் கேட்கிறார். 'கையெழுத்து இல்லையே, கொடுக்காதே' என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவை அவருக்குக் காட்டுங்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்காக அவர் கேட்ட தொகையை அப்படியே கொடுக்க வேண்டும் என்பதில்லை. எழுத்து அனுமதி இல்லாவிட்டால் பணம் இல்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலு கூடும். அப்போதும், வேலை நடக்கும்போது பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள் என்ற கேள்வி வரும்.

நானும் காண்ட்ராக்டர்தான். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் வேலையும் தொகையும் எழுதிய சீட்டுக்கு எழுத்தில் சம்மதம் வராமல் கூடுதல் வேலைக்கு நான் கடப்பாரையைத் தொட விடுவதில்லை. அதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மட்டப்பா வீடு, அதாவது மரக்கட்டைகள் தாங்கும் மட்டமான கூரை. உரிமையாளர் மஸ்கட்டில் இருந்தார். மேற்பார்வைக்கு அவருடைய அத்தான். மேலே தட்டோடு (தட்டையான ஓடு) மாற்றுவது, பட்டாசலுக்கு (கூடத்துக்கு) தரை போடுவது, இவ்வளவுதான் ஒப்பந்தம். ஓட்டைப் பெயர்த்த பிறகுதான் கட்டைகளின் லட்சணம் தெரிந்தது. கீழிருந்து பார்த்தால் தேக்கு பளபளவென்று இருக்கும். சுவருக்குள் ஏறும் அந்த ஓரடியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. திறந்து பார்க்காமல் இதை முன்கூட்டிச் சொல்வது எஞ்சினியருக்கும் கஷ்டம். இரும்பு கர்டர் கொடுக்கலாம் என்றேன். "போடுங்கள் அண்ணாச்சி, மச்சினனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார் அத்தான்.

சீட்டு எழுதி நீட்டினேன். எந்தக் கட்டைகள், எத்தனை அடி கர்டர், கிலோ என்ன விலை, கூலி எவ்வளவு, வேலை எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எல்லாம் அதில் இருந்தது. மொத்தம் 86,000 ரூபாய். பணம் கொடுப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றதும் அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கள் குடும்பத்தையே நம்பவில்லையா?" என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். ஐப்பசி மாதம், மேலே ஓடு இல்லை, தார்ப்பாய்தான். கொத்தனாரும் சித்தாள்களும் சும்மா உட்கார்ந்திருந்த கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன்.

மஸ்கட்காரர் இரவில் படங்களைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? பாட்டி காலத்து வீட்டில் இரும்பு வேண்டாம், பழைய தேக்கே போடுங்கள் என்றார். காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டுத் தேக்கு கிடைக்கும், 1,20,000 ஆகும் என்றேன். அந்தத் தொகையைக் குறிப்பிட்டுச் சம்மதம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். அத்தான் பேச்சைக் கேட்டுக் கர்டரை ஏற்றியிருந்தால் இறக்குகிற கூலி யார் தலையில் விழுந்திருக்கும்? வாட்ஸ்அப்பில் வரும் வெறும் கட்டைவிரல் இமோஜியை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையும் தொகையும் எழுத்தில் வர வேண்டும்.

உங்களுக்காவது மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு கட்டுவதும் சேவைதான். 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பாக்கி வராத காண்ட்ராக்டருக்குப் பெரும்பாலும் சிவில் கோர்ட்தான் கதி.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒப்பந்தம் போடும்போது இருந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) விலை பூச்சு வேலைக்கு வரும்போது இருப்பதில்லை. நம் பக்கத்துக் குவாரிக் கல்லும் மணலும் லாரி லாரியாகத் தென்காசி மாவட்டப் புளியரை வழியே கேரளத்துக்குப் போகின்றன. அந்த லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டே வந்து விலை ஏறிவிட்டது என்று சொன்னால், வீட்டுக்காரர் என்னைக் கொள்ளைக்காரனைப் போலப் பார்க்கிறார்.

உங்கள் காண்ட்ராக்டரிடம் கூடுதல் வேலைக்கு மட்டும் தனி அளவுப் பட்டியல் கேளுங்கள். வேறொரு கொத்தனாரை அழைத்து, டேப் பிடித்து இருவர் முன்னிலையிலும் அளந்து விலை பேசுங்கள். அதுவரை தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள். ஆட்களின் வாரக் கூலியில் கை வைக்காதீர்கள்.