பசிபிக் கடலும் நிலாவின் வெள்ளையும்

கடிதம்:

வணக்கம் சார். எங்களுக்குப் பரமத்தி வேலூர் பக்கம். நிலா பூமியிலிருந்து பிய்ந்து போனது, அந்தப் பள்ளம்தான் பசிபிக் கடல் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார். அதையே மகளிடம் சொன்னால், "இல்லப்பா, வேற கோள் வந்து மோதுச்சாம்" என்கிறாள். எது சரி?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதுதான் சரி. ஆனால் வாத்தியார் இட்டுக்கட்டவில்லை. வேகமாகச் சுழன்ற பூமியிலிருந்து நிலா பிய்ந்தது என்று சொன்னவர் சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். பள்ளம் பசிபிக்தான் என்று 1882-இல் சேர்த்துச் சொன்னவர் ஆஸ்மண்ட் ஃபிஷர் என்ற புவியியலாளர். பசிபிக்கின் தரைக்கு 20 கோடி ஆண்டுகூட வயதில்லை, நிலாவுக்கோ ஏறக்குறைய 450 கோடி, அதனால் அந்தக் கதை நிற்காது.

செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியில் மோதி, சிதறிய பாறைக் குழம்பு திரண்டு நிலா ஆனது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலங்கள் நிலாவிலிருந்து கொண்டுவந்த பாறைகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள் கலந்திருக்கும் அளவு) பூமியினுடையதோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது, ஆகவே பூமியோடு உறவு என்ற அளவில் வாத்தியாரும் முழுக்கத் தப்பில்லை.

எனக்குப் பிடித்த பகுதி அப்புறம் நடந்தது. உங்கள் பக்கத்து ஆலைக் கொட்டகையில் கரும்புச்சாறு கொதிக்கும்போது அழுக்கு மேலே மிதந்து வருமே, அதேபோல உருகிக் கிடந்த நிலாவில் கனமான தாதுக்கள் அடியில் இறங்க, பிளாஜியோகிளேஸ் என்ற லேசான தாது மிதந்து வந்து மேலோடாக இறுகியது. அந்தப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர், நிலாவில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். அப்பல்லோ 11 அள்ளி வந்த கருமண்ணில் அந்தப் பாறையின் ஒருசில வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன, சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அவற்றை வைத்துத்தான் நிலா முழுக்க ஒரு காலத்தில் குழம்புக்கடல் இருந்திருக்கும் என்று 1970-இல் ஜான் வுட் என்ற விஞ்ஞானியின் குழுவினர் சொன்னார்கள், எனக்கு இன்றும் அது மலைப்புதான். 2023-இல் சந்திரயான் 3-இன் பிரக்யான் ஊர்தி நிலாவின் தென்துருவப் பக்கம் சுமார் 100 மீட்டர் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணைச் சோதித்தபோதும் அதே வகைப் பாறையின் சாயல்தான் கிடைத்தது. நிலாவில் நமக்குத் தெரியும் கறுப்புத் திட்டுகள் பிற்பாடு பள்ளங்களில் பொங்கி நிறைந்த எரிமலைக் குழம்பு.

ராத்திரி மகளுக்கு நிலாவின் வெள்ளைப் பகுதியைக் காட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தம்பூண்டிக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் நாமக்கல் மாவட்டம்தானே. அங்கேயும் அனார்த்தோசைட் இருக்கிறது (பூமியிலேயே உருவானது, நிலாவிலிருந்து விழுந்ததல்ல). அந்தக் கல்லை அரைத்த மண்ணில்தான் இஸ்ரோ தன் நிலாக் கலங்களைச் சோதித்துப் பார்த்தது.