ஜாமுவை நிறுத்துவதா, கிளினிக் மாத்திரையை நிறுத்துவதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களோடு இருக்கிறார். தோட்டத்தில் பல காலம் பால்மரம் சீவியவர். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபோர்மின், கிளிக்லாசைட், பெரிண்டோபிரில், அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின் கொடுக்கிறார்கள். முட்டிவலிக்காகப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து கேப்சூலை எட்டு மாதமாகத் தினமும் போடுகிறார். போட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது, பசியும் நன்றாக எடுக்கிறது. ஆனால் முகம் உருண்டையாகிவிட்டது. கையில் லேசாக இடித்தாலே நீலம் பாய்கிறது. இனிப்பும் ஏறிக்கொண்டே போக, கிளினிக்கில் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். "இங்கிலீஷ் மருந்துதான் கிட்னியைக் கெடுக்குது, ஜாமு மூலிகைதானே" என்று சொல்லி, கிளினிக் மாத்திரையில் சிலதைப் போடாமல் விடுகிறார். அந்த ஜாமுவை இன்றைக்கே பிடுங்கி வீசிவிடலாமா? அப்புறம், அம்மாவுக்குத் தம்புன் பம்ளிமாஸ் என்றால் உயிர். கொடுக்கலாமா?

பதில்: வீசாதீர்கள். அம்மாவையும் அந்த ஜாமு டப்பாவையும் நாளைக்கே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் பார்க்கும்வரை அதைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருந்தாளர் ஒருவரே பாசார் மாலாம் ஜாமுவை "நிறுத்தாதே" என்று சொல்வது உங்களுக்கு வினோதமாக இருக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

மூலிகை எதுவும் தேய்ந்துபோன முட்டியின் வலியை இரண்டே நாளில் பறக்கவிடாது. பசி கூடுவது, முகம் உருண்டையாவது, தோல் மெலிந்து நீலம் பாய்வது, இனிப்பு ஏறுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை அடையாளமும் ஸ்டீராய்டைத்தான் காட்டுகின்றன. கேப்சூலைச் சோதிக்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இது புதுக் கதை அல்ல. மூட்டுவலி, உடம்புவலி என்று விற்கப்படும் ஜாமுகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சிலவற்றில் வலிநிவாரணிகளும் கலந்திருந்தன. லேபிளில் இஞ்சி, மஞ்சள், துங்கட் அலி என்றுதான் அச்சடித்திருப்பார்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். அந்த ஆய்வுக்கு 1950இல் நோபல் பரிசே கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் உடம்பு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரியவந்தது. இன்றைக்கும் ஆஸ்துமா, சில சிறுநீரக நோய்கள் எனப் பலவற்றுக்கு டாக்டர்கள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். ஆனால் அளவு பார்த்து, நாள் குறித்து, சர்க்கரையைக் கண்காணித்துக் கொடுக்கிறார்கள். ஜாமு டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஒரு கேப்சூலில் கூடவும் அடுத்ததில் குறைவாகவும் இருக்கலாம்.

இப்போது, ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது? நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் அட்ரினல் என்ற சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரப்பது அதுதான். இரத்த அழுத்தம் விழாமல் இருக்கவும், காய்ச்சல், அடிபடுதல் போன்ற நேரத்தில் உடம்பு தாக்குப்பிடிக்கவும் கார்ட்டிசால் வேண்டும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், "போதும், இருக்கிறது" என்று மூளை அட்ரினலுக்குக் கட்டளை அனுப்புவதைக் குறைத்துவிடும். டெக்ஸாமெத்தசோன் வீரியமானது. அதில் முக்கால் மில்லிகிராம், உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்ட்டிசாலுக்குக் குறையாது. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து போட்டாலே அட்ரினல் தூங்கத் தொடங்கலாம். உங்கள் அம்மா எட்டு மாதம் போட்டிருக்கிறார். இன்றைக்கு நிறுத்தினால் அது நாளைக்கே விழித்துக்கொள்ளாது. சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, எழுந்தால் தலைசுற்றி விழுவது எல்லாம் வரலாம். ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஏற்கெனவே ஜாமுவை விட்டுவிட்டு இந்த அடையாளங்களில் எதையாவது காட்டினால், கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். போனதும் "எட்டு மாதமாக ஜாமு போட்டார், ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்? காலையில் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்க்கலாம், அல்லது ஆஸ்பத்திரி நிபுணருக்கு அனுப்பலாம். தேவையென்றால், அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஜாமுவுக்குப் பதிலாகக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். வலி திரும்ப வரும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரப் பாசார் மாலாமுக்கு அவரே நடந்து போய்விடுவார்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்டீராய்டு, கல்லீரலை அதிகச் சர்க்கரை தயாரிக்க வைக்கும், இன்சுலினையும் வேலை செய்ய விடாது. ஆக, அம்மாவின் இனிப்பு ஏறியதற்கு அந்த ஜாமுவே காரணமாக இருக்கலாம். கிளினிக்கில் டாக்டருக்கு ஜாமு விஷயம் தெரியாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி ஏறியிருப்பதைப் பார்த்து மருந்தைக் கூட்டியிருக்கிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இனி ஸ்டீராய்டு குறையக் குறைய, கூட்டிய மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். இங்கே மெட்ஃபோர்மினைவிடக் கிளிக்லாசைட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மெட்ஃபோர்மின், கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைக்கும். தனியாகப் போட்டால் அநேகமாகச் சர்க்கரையைத் தாழ்த்திவிடாது. கிளிக்லாசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மாத்திரையைப் போட்டுவிட்டு, விரதம் என்று பட்டினி கிடப்பதெல்லாம் கூடாது. தைப்பூசத்துக்கோ புரட்டாசிக்கோ விரதம் இருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் விரலில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 999தான்.

சரி, கிட்னிக்கு வருவோம். தோட்டப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. மாத்திரை போட்டார், பத்து வருடத்தில் டயாலிசிஸுக்குப் போனார், ஆகவே மாத்திரைதான் காரணம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீரும் இருந்தது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டதே இனிப்பு நீரால்தான். அம்மா விட்டுவிடும் மாத்திரைகளில் இரத்தக் கொதிப்புக்கான பெரிண்டோபிரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிட்னியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கிட்னியின் காவலாளியையே அனுப்பிவிடுகிறார்.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் பொடிப்பொடியான முடிச்சுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும், உள்ளே வர ஒரு பைப்பும் வெளியே போக ஒரு பைப்பும் வைத்த தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் வந்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறி, புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். பெரிண்டோபிரில் வெளிப் பைப்பை அகலமாக்கி அந்த அழுத்தத்தை இறக்கும். அதனால்தான் இரத்தக் கொதிப்பு சுமாராக இருப்பவருக்கும், புரதம் கசிந்தால் இந்த வகை மருந்தைக் கொடுக்கிறார்கள். இப்போது பொன்ஸ்தான், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைப் பாருங்கள். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது தடுக்கிறது. வலியும் வீக்கமும் குறைவது அதனால்தான். ஆனால் உள்ளே வரும் பைப்பைத் திறந்து வைத்திருப்பதும் அதே பொருள்தான். அதைத் தடுத்தால் உள்பைப் சுருங்கும், வெளிப்பைப் ஏற்கெனவே அகலமாக இருக்கிறது. வடிகட்ட அழுத்தமே இருக்காது. இதோடு சிறுநீர் போக வைக்கும் மாத்திரையும் சேர்ந்தாலோ, வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றியிருந்தாலோ சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். கிட்னியைக் கெடுக்கும் இங்கிலீஷ் மருந்து என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், அது கிளினிக் பையில் இல்லை, மளிகைக் கடையில் யாருக்கும் தெரியாமல் விற்கப்படும் அந்த வலி மாத்திரைதான்.

வாந்தி பேதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடே இறங்காத அளவுக்கு வாந்தி பேதி இருக்கும் நாளில் மெட்ஃபோர்மினையும் பெரிண்டோபிரிலையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். கிளினிக்கைக் கேட்டுச் செய்யுங்கள். மெட்ஃபோர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் கெட்டால் அது வெளியேறாமல் தேங்கும், அதுதான் பிரச்சினை. ஆகவே சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் என்ற அளவு 45க்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். அந்த எண்ணைக் கேட்டு அம்மாவின் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மூலிகைப் பிரியரான அம்மாவிடம் ஒன்று சொல்லலாம்: மெட்ஃபோர்மின் பிறந்த கதை ஐரோப்பாவில் கேலிகா என்ற செடியில் தொடங்குகிறது. அந்தச் செடியின் பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் விஷமாகவும் இருந்தது. அதை மாற்றி, அளந்து, சோதித்து 1957இல் பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பெரிண்டோபிரில் வகைக்குத் துப்புக் கொடுத்தது பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம். செடியிலிருந்து வந்ததா, பாம்பிலிருந்து வந்ததா என்பதைவிட, அளந்து கொடுக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

பெரிண்டோபிரில் போட்டு வறட்டு இருமல் வந்தாலோ, அம்லோடிபினால் கால் வீங்கினாலோ, தானாக விட்டுவிட வேண்டாம். மாற்று மருந்து இருக்கிறது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். ஒரு நாள் விட்டாலும் ஒன்றும் தெரியாது. "விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியம் அங்கேதான் வருகிறது.

முட்டிவலிக்கு என்ன வழி? முதலில் பாரசிட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. உங்கள் அம்மா ஒடிசலானவரோ கல்லீரல் நோய் உள்ளவரோ என்றால் இன்னும் குறைவு. சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். முட்டியில் தடவும் வலிநிவாரண ஜெல் இரத்தத்தில் கொஞ்சமே கலக்கும், அது பொருந்துமா என்று கேட்கலாம். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பால்மரம் சீவியவர்களின் முட்டிக்கு மாத்திரையைவிட அது பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

கிளினிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிஸ்கட் டின்னில் கிடக்கும் பழைய மாத்திரை, தைலம், சின்சே என்ற சீன வைத்தியர் கொடுத்த பொடி எல்லாம் வரட்டும். டாக்டர் ஏசுவார் என்ற பயத்தில்தான் நம் ஆட்கள் ஜாமுவை மறைக்கிறார்கள். ஏசினால் ஏசட்டும், இரண்டு நிமிடம். வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட் வாங்கும் அதே கிளினிக்கின் மருந்து கவுண்டரில் மருந்தாளர் இருக்கிறார், அவரிடமும் பையைக் காட்டலாம். பாதி மாத்திரைதான் போட்டார் என்ற உண்மையையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் கூட்டிவிடுவார்கள்.

பதிவு செய்த பொருளில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் அது டி (T) எழுத்தில் முடியும். ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம். பொருந்தினாலும், இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். போலி எண்ணும் அச்சடிக்கிறார்கள்.

பம்ளிமாஸ் கேட்டீர்கள். கிரேப்ஃப்ரூட்டும் பம்ளிமாஸும் ஒரே குடும்பம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினைக் குடலில் உடைக்கும் என்சைமை கிரேப்ஃப்ரூட் முடக்கிவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதே வகைப் பொருள்கள் பம்ளிமாஸிலும் உண்டு. மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் ஏறினால் தசைவலி வரும், அரிதாகத் தசையே சிதைந்து சிறுநீர் டீ நிறத்தில் போகும். அம்லோடிபினும் சிம்வாஸ்டாட்டினை ஏற்றிவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் போடுகிறவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. லேபிளில் 40 என்று இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். இப்போதைக்குப் பழத்தைத் தள்ளிவையுங்கள். அம்மாவால் அது இல்லாமல் முடியாது என்றால், பிரவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்றவற்றை இந்தப் பழம் பெரிதாகப் பாதிப்பதில்லை. மாற்றித் தர முடியுமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.