தொலைந்துபோன மௌனப் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

'மெர்ட்டன் ஆஃப் த மூவீஸ்'. யோசிக்கவே வேண்டியதில்லை. 1924-இல் ஜேம்ஸ் க்ரூஸ் இயக்கத்தில் பாரமவுண்ட் வெளியிட்ட நகைச்சுவைப் படம் அது.

படத்துக்கு மூலமான ஹாரி லியோன் வில்சனின் நாவல் வந்தது 1922-இல். அதே ஆண்டு ஜார்ஜ் எஸ். காஃப்மனும் மார்க் கானலியும் அதை நாடகமாக்கினார்கள். நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் நன்றாக ஓடியது.

இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கடைப் பையன் மெர்ட்டன். சினிமாப் பைத்தியம். நாவலின் தொடக்கத்தில், கடையில் துணி மாட்டி வைக்கும் பொம்மையைக் கதாநாயகியாக நினைத்துக்கொண்டு வீரதீர வசனம் பேசுவான். அப்புறம் ஹாலிவுட்டுக்குப் போகிறான். கையில் இருந்த காசு கரைந்ததும் ஸ்டூடியோ செட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்கிறான். அவன் தெய்வமாக நினைக்கும் நடிகை பியூலா பாக்ஸ்டர் டூப்பே போடாதவள் என்று நம்பியிருக்கிறான். டூப் போடுவது யாரென்றால், அவனுக்குச் சோறு போட்டு ஆதரித்த பெண்தான்!

அவன் உருகி உருகி நடிக்கிறான், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அதனால் அவனிடம் சொல்லாமலே அவனை வைத்து ஒரு கேலிப் படம் எடுத்துவிடுகிறார்கள். தியேட்டரில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போதுதான் அவனுக்கு விஷயம் புரிகிறது.

இந்தக் கதைக்கு மௌனப் படம்தான் சொந்த வீடு என்பேன். மெர்ட்டன் மயங்கியது வசனமில்லாத நடிப்பில்: கண், புருவம், கை. அதே நடிப்பாலேயே அவனைக் காட்டும்போது, அவனைப் பார்த்துச் சிரிக்கும் தியேட்டர் கூட்டத்தில் நாமும் ஒருவராகிவிடுகிறோம். மெர்ட்டனாக நடிப்பவர் துளிக்கூடச் சிரிப்புக் காட்டக்கூடாது. காட்டினால் கதையே போச்சு. மேடையில் அந்த வேடத்தில் ஊறிப்போன கிளென் ஹண்டரே படத்திலும் மெர்ட்டன். டூப் பெண்ணாக வயோலா டேனா. 1932-இலும் 1947-இலும் இதே கதையைப் பேசும் படமாக எடுத்தார்கள், அவை இருக்கின்றன. ஹண்டரின் முகம்தான் இல்லை.

தொலைந்ததற்குப் பெரிய மர்மம் எதுவும் வேண்டாம். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவும் சிதையும். பேசும் படம் வந்ததும் பழையதைப் பாதுகாக்க யாரும் செலவு செய்யவில்லை. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே வந்த ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப் படங்களில் 70 சதவீதம் அடியோடு போய்விட்டன. க்ரூஸ் 1923-இல் எடுத்த 'ஹாலிவுட்' படமும் அதில் ஒன்று. சினிமா ஊரைப் பற்றி அவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் எடுத்த இரண்டு படங்களும் இல்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை. தொலைந்ததாக நினைத்திருந்த, இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' (1927) எங்கே கிடைத்தது? நியூசிலாந்தில்! வெளிநாடுகளுக்குப் போன பிரதிகள் பல திரும்பி வரவே இல்லை. அப்படி எங்காவது மெர்ட்டனின் ஒரே ஒரு ரீல்தான் கிடைக்கும் என்றால், அந்தத் தியேட்டர் காட்சி உள்ள ரீலாக இருக்கட்டும்.