பம்பு நின்ற பிறகும் மீட்டர் ஓடுகிறதா?

கேள்வி: மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் போகும் 4 அங்குல பி.வி.சி. லைனில் மின்காந்த ஃப்ளோ மீட்டர் மாட்டியிருக்கிறோம். பம்பை நிறுத்தினாலும் எண் குதிக்கிறது. மாதக் கணக்கும் எங்கள் கணக்கைவிடக் கூடுதலாக வருகிறது. புது மீட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். மீட்டர் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், லைனின் உச்சியில் எல்போ முடிந்த கையோடு மீட்டர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பைப் தொட்டிக்குள் திறந்தபடி விழுகிறது. கோளாறு அங்கேதான்.

இந்த வகை மீட்டர் நீரின் வேகத்தைத்தான் அளக்கிறது. பைப் முழுக்க நீர் நிறைந்து போகிறது என்று வைத்துக்கொண்டு, அந்த வேகத்தைப் பைப்பின் முழுப் பரப்போடு பெருக்கிவிடும். முக்கால் பைப் நீர், கால் பைப் காற்று என்று போனால், காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். பம்பு நின்றதும் நீர் வடிந்து, மீட்டரின் உள்சுவரில் நீரைத் தொட்டபடி இருக்கும் உலோக முனையான எலெக்ட்ரோடு வெளியே வந்துவிடும். அப்போது அது பிடிக்கும் மின் இரைச்சல்தான் உங்களுக்கு எண்ணாகத் தெரிகிறது.

பம்பிலிருந்து மேலே ஏறும் செங்குத்துப் பைப்பில் மாட்டுங்கள். நீர் கீழிருந்து மேலே போக வேண்டும், மீட்டரின் அம்புக்குறியும் அதே திசையில் இருக்க வேண்டும். அங்கே பைப் எப்போதும் நிறைந்திருக்கும், சுண்ணாம்புச் சேறும் ஒரு பக்கமாகப் படியாது. ஆனால் பம்பை ஒட்டியுள்ள, நீரைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூட வேண்டும். தோல் கழிவில் வரும் முடி அதன் மூடியில் சிக்கினால், பம்பு நின்றதும் நீர் பின்னால் இறங்கிவிடும். அதைக் கழற்றிப் பார்க்காமல் மீட்டரைக் குறை சொல்லக் கூடாது. செங்குத்தாக மாட்ட இடமே இல்லையென்றால், லைனை 'ப' எழுத்துப் போலக் கீழே இறக்கி, அந்தப் பள்ளத்தில் மாட்டலாம். அடியில் சேறு எடுக்க ஒரு வடிகால் வால்வு வையுங்கள். படுக்கை வாட்டத்தில் எலெக்ட்ரோடுகள் இரண்டும் இடமும் வலமுமாக இருக்கட்டும். மேலே இருந்தால் காற்றுக் குமிழி, கீழே இருந்தால் சேறு.

நேர்ப் பைப்புக்கு வருவோம். மீட்டருக்கு முன் பைப் விட்டத்தைப் போல 5 மடங்கு, பின்னால் 2, 3 மடங்கு என்பது வழக்கமான கணக்கு. பம்புக்கு அடுத்து வருவதால் நான் முன்னால் 10 மடங்கு கேட்பேன். உங்கள் பைப்புக்கு ஏறக்குறைய 1 மீட்டர். நீரோட்டத்தைக் குறைக்கும் வால்வு மீட்டருக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இனி நம் பக்கம் அதிகம் விட்டுப்போகிற ஒன்று: எர்த்திங். பி.வி.சி. மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டரின் இரு பக்கமும் நீரைத் தொடும் உலோக வளையம் (எர்த்திங் வளையம்) போட்டு, மீட்டர் உடலோடு கம்பியால் இணைத்தால்தான் எண் நிலையாக நிற்கும். பச்சைத் தோலில் போடும் உப்பு கழிவுநீரில் கலந்து வருகிறது. 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலிலும் அதனால் குழி விழும். வளையமும் எலெக்ட்ரோடும் ஹாஸ்டெல்லாய் சி என்ற நிக்கல் கலப்பு உலோகமாக இருக்கட்டும். சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

பைப் இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள். ராணிப்பேட்டையில் ஒரு ஆலையில் இரண்டு நாள் தேடியும் பிழை பிடிபடவில்லை. பைப்பை இணைக்கும் பிளாஞ்சைக் கழற்றினால், கையால் வெட்டிய ரப்பர் கேஸ்கெட் பைப்புக்குள் நாக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது.

மாட்டியதும் பைப்பை நிரப்பி, நீர் அசையாமல் நிற்கும்போது பூஜ்யம் சரிபாருங்கள். அப்புறம் தொட்டியை வைத்தே சோதியுங்கள்: 3 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் நீர் 50 சென்டிமீட்டர் ஏறினால் 3,000 லிட்டர். மீட்டரும் அதையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும், மீட்டரில் சீல் இருந்தால் நிலையத்தாருக்குச் சொல்லி, அவர்கள் முன்னால் கடைசி அளவைக் குறித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே கழற்றுங்கள்.