உலக நாடாளுமன்றத்தில் வேலை: கொழிஞ்சாம்பாறைத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

பள்ளியில் நடந்த மாதிரி நாடாளுமன்றத்தில் சபாநாயகராக உட்கார்ந்த நாளிலிருந்து பாப்பா, “ஜெனீவாவில் இருக்கும் உலக நாடாளுமன்றத்தில்தான் வேலை பார்ப்பேன், அதனால் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் வேண்டாம், ஹியூமானிட்டீஸ்தான்” என்று பிடிவாதமாக நிற்கிறாள் என எழுதியிருந்தீர்கள். அந்த வேலைக்கு என்ன பரீட்சை, அது சோறு போடுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அந்தச் சபையில் உறுப்பினராக உட்காருவதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது. உட்காருகிறவர்கள் எல்லாம் அவரவர் நாட்டில் மக்கள் ஓட்டுப் போட்டோ வேறு முறையிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருந்து சபையை நடத்துகிறவர்கள் படித்து, தேர்வெழுதி வந்தவர்கள். பாப்பாவுக்கு ஏற்ற இடம் அதுதான். அதற்கான பாதை திருவனந்தபுரம், டெல்லி வழியாகப் போகிறது என்பதால் கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அவள் சொல்வது ஐபியு, அதாவது நாடாளுமன்றங்களுக்கிடையேயான ஒன்றியம். 1889-ல் பாரிஸில் தொடங்கியது, ஐ.நா.வைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. பிரிட்டனின் வில்லியம் ராண்டல் கிரீமர், பிரான்ஸின் பிரெடெரிக் பாஸி என்ற இரண்டு எம்.பி.க்கள் நாடுகள் சண்டை போடாமல் பேசித் தீர்க்க வேண்டும் என்று கூட்டிய கூட்டம் அது. பாஸி 1901-லும் கிரீமர் 1903-லும் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்கள். இன்று 180-க்கும் மேற்பட்ட நாடாளுமன்றங்கள் உறுப்பினர்கள். நம் நாட்டுக்கும் அங்கே பழைய உறவு உண்டு: 1969-லும் 1993-லும் புதுடெல்லியில் மாநாடு நடந்தது. குர்தியால் சிங் தில்லானும், பிறகு நஜ்மா ஹெப்துல்லாவும் தலைவர்களாக இருந்தார்கள்.

ஐ.நா.விலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதை உங்களைப் போலக் கேரள-தமிழ்நாடு எல்லையில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகக் கேரளத்தின் சித்தூர்ப் பாசனத்துக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைப் பற்றி இரண்டு மாநில அரசுகளின் அதிகாரிகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த மேஜையில் எதிர்க்கட்சிக்கு நாற்காலி இல்லை. ஐ.நா. அப்படி, அரசுகள் பேசும் இடம். ஐபியுவில் ஆளும் கட்சி எம்.பி.யும் எதிர்க்கட்சி எம்.பி.யும் ஒரே குழுவில் போய் உட்காருகிறார்கள்.

ஓட்டு முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு நாட்டுக்கும் அடிப்படையாக 10 ஓட்டு. மக்கள்தொகைக்கு ஏற்ப அதற்கு மேல் 13 வரை சேரும். இந்தியாவுக்கு மொத்தம் 23. ஆனால் ஒரு எம்.பி. 10-க்கு மேல் போட முடியாது, அதனால் 23-ஐயும் போட மூன்று பேராவது வேண்டும். ஒரே நாட்டின் ஓட்டுகள் பிரிந்தும் விழலாம். ஒருவர் ஆதரவாக, இன்னொருவர் எதிராக. இதைப் பாப்பாவுக்குச் சொல்லுங்கள், கண் விரியும். தொடர்ந்து ஆண்களை மட்டுமே, அல்லது பெண்களை மட்டுமே அனுப்பும் நாட்டுக்கு ஓட்டு குறைக்கப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐபியுவின் பேரவை ஆண்டுக்கு இரண்டு முறை கூடும். அமைப்பின் கொள்கை முடிவுகளை எடுப்பது ஆட்சி மன்றம். ஒவ்வொரு நாடாளுமன்றத்துக்கும் அதில் மூன்று இடம். நிலைக்குழுக்கள் நான்கு: அமைதியும் பாதுகாப்பும், நீடித்த வளர்ச்சி, மக்களாட்சியும் மனித உரிமையும், ஐ.நா. விவகாரம். ஒரு தீர்மானம் பிறப்பது இங்கேதான். வெவ்வேறு நாட்டு எம்.பி.க்கள் இருவர் வரைவு எழுதுவார்கள். மற்ற நாடுகள் குறித்த தேதிக்குள் திருத்தங்கள் அனுப்பும். யாரோ ஒருவர் அவற்றையெல்லாம் பத்தி வாரியாக அடுக்கி, ஒன்றோடு ஒன்று மோதுவதைக் குறித்து, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பொருள் வருகிறதா என்று பார்த்து, விடிவதற்குள் எல்லார் மேஜையிலும் வைக்க வேண்டும். அந்த ‘யாரோ ஒருவர்’தான் செயலக ஊழியர். எம்.பி. பேசுவது சில நிமிடம்தான். அவர் கையில் இருக்கும் தாளுக்குப் பின்னால் மாதக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. அடுக்கி எழுதுவதும் பொறுமையும் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியாது.

அங்கே நிறைவேறும் தீர்மானம் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எம்.பி.க்கள் அதை ஊருக்கு எடுத்துப்போய்த் தங்கள் சபையில் பேச வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும், “அப்புறம் எதற்கு இவ்வளவு கூட்டம்?” என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு குழுவைக் காட்டுகிறேன். 1976-ல் எம்.பி.க்களின் மனித உரிமைகளுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். எந்த நாட்டிலாவது ஒரு எம்.பி. சிறையில் அடைக்கப்பட்டால், தாக்கப்பட்டால், காணாமல் போனால் அங்கே புகார் கொடுக்கலாம். குழு மூடிய அறையில் கூடும்; புகார் சொன்னவர், அந்த நாட்டு நாடாளுமன்றம், அரசு என எல்லாத் தரப்பிலும் விளக்கம் கேட்கும்; வழக்கை ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடரும். கோப்பைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருகிறவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். சிறையில் கிடக்கும் ஒருவரின் பெயர் மறக்கப்படாமல் இருப்பது இந்த ஊழியர்களால்தான். இந்த வேலையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஐபியு ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை இருக்கிறது: 46 நாடுகள், 306 உறுப்பினர்கள், கட்சி பார்க்காமல் பெயரின் அகர வரிசைப்படி உட்காருவார்கள், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் இவர்கள்தான். அதே ஊரில் கூடும் ஐரோப்பிய நாடாளுமன்றம் வேறு. அது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, சட்டம் இயற்றுவது. நமக்கு மிக அருகில் இருப்பது 1911-ல் தொடங்கிய காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கம். தலைமையகம் லண்டன் என்றாலும் மாநிலச் சட்டமன்றங்களும் அதில் கிளைகள். கேரளச் சட்டமன்றமும் ஒரு கிளை.

சரி, வேலைக்கு வருவோம். ஜெனீவாச் செயலகம் சின்னது, இடங்கள் குறைவு. அங்கே போய்ச் சேருகிறவர்களில் பலர் தங்கள் நாட்டு நாடாளுமன்றத்திலோ, ஐ.நா. அமைப்புகளிலோ, வெளியுறவுத் துறையிலோ வேலை பழகியவர்கள். இந்தியாவில் ஐபியுவின் தேசியக் குழுவாக இருப்பது இந்திய நாடாளுமன்றக் குழு. மக்களவை சபாநாயகரே அதன் தலைவர், அதன் வேலைகளைப் பார்ப்பது மக்களவைச் செயலகம். அரசியலமைப்பின் 98-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவைக்கும் தனிச் செயலகம் உண்டு, அது தன் ஆட்களைத் தானே விளம்பரம் கொடுத்து எடுக்கிறது. குழு அலுவல், ஆய்வு, வரவேற்பு நெறிமுறை, அறிக்கை எழுதுதல், மொழிபெயர்ப்பு எனப் பல பிரிவுகள். நிரந்தர அரசு வேலை, சோறு போடும். பட்டம் முடித்தவர்களுக்கு லேம்ப் என்ற ஃபெலோஷிப்பும் இருக்கிறது: 25 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு எம்.பி.யோடு பல மாதம் இருந்து ஆய்வு செய்து கொடுக்கலாம். இந்தத் துறை தனக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆகவே ஹியூமானிட்டீஸ் எடுக்கட்டும். பிறகு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என் முதல் யோசனை. வேலை கிடைக்கத் தாமதமானாலும் வக்கீல் தொழில் கையில் இருக்கும், உங்கள் பயத்துக்கும் அது பதில். கேரள அரசுச் சட்டக் கல்லூரிகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு, கொச்சி சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. மொழியில் நாட்டம் அதிகம் என்றால் ஹைதராபாத்தின் இஃப்லு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, அரபு, ஸ்பானிஷ் படிக்கலாம். ஒருவேளை நீங்கள் பேசிப் பேசி சயின்ஸில் சேர்த்தாலும் இந்தக் கதவு எதுவும் மூடிவிடாது. ஆனால் பிடிக்காத பாடத்தில் மார்க் போய்விடும், அதை யோசியுங்கள்.

மொழி விஷயத்தில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கும் பலம் உங்களுக்கே தெரிவதில்லை. வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் ஆபீஸிலும் மலையாளம், பாடத்தில் ஆங்கிலம், ஹிந்தி. மக்களவையில் ஒரு உறுப்பினர் தமிழில் பேசினால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். கேட்டுக்கொண்டே பேசும் அந்த வேலைக்கு இரண்டு மொழியும் எழுத்து நடையில் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. தமிழைப் பாடமாக விடாமல் படிக்கட்டும். ஐபியுவின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்பதால் பிளஸ் டூ முடிந்த கோடை விடுமுறையில் பிரெஞ்சு தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. “ஜெனீவா மாநாட்டில் மாணவர் பிரதிநிதி” என்று சான்றிதழும் போட்டோவும் காட்டிப் பெருந்தொகை கேட்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன. நகையை அடகு வைத்து அனுப்பிய பெற்றோர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை வேலைக்கு எடுப்பவர்கள் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பணத்தைப் படிப்புக்கு வையுங்கள்.

காசில்லாமல் இப்போதே செய்ய ஒன்று உண்டு. கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராம சபை கூட வேண்டும். அடுத்த முறை போகும்போது பாப்பாவையும் கூட்டிப் போங்கள். யார் என்ன கேட்டார், என்ன முடிவானது என்று ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பஞ்சாயத்தின் நடவடிக்கைக் குறிப்போடு அதை ஒப்பிடட்டும். அதோடு ஐபியுவின் வரைவுத் தீர்மானங்களும் இறுதித் தீர்மானங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஒன்றை எடுத்து எது மாறியது, ஏன் மாறியிருக்கும் என்று குறிக்கட்டும். நாலைந்து முறை செய்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் அது நிஜமான ஆர்வம்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குத் தூரம் பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரைதான், ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் இறங்கலாம். சட்டமன்றம் கூடும் நாட்களில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், இரண்டு பேருடைய ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு நீங்களே அவளைக் கூட்டிப் போங்கள்.