புயல் நேரத்தில் அணுமின் நிலையத்துக்கு உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது?

கடும் புயல் தாக்கினால் அணு உலைக் கட்டிடம் தாங்குமா, காற்றின் வேகத்தில் அது உடைந்து கதிர்வீச்சு வெளியேற வாய்ப்பு உண்டா என்பது கேள்வி. கட்டிடம் தாங்கும். ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில், உட்புறம் எஃகுத் தகடு பொருத்திக் கட்டப்படும் அந்தக் கான்கிரீட் கூட்டை இதுவரை எந்தப் புயலும் உடைத்ததில்லை. புயலில் முதலில் அடிபடுபவை நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள்; அடுத்து, கடலிலோ ஆற்றிலோ இருந்து தண்ணீர் இழுக்கும் பம்புகள்; அதற்கும் அடுத்து, அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்து சேர வேண்டிய சாலை. நான் அணுமின் நிலையத்தில் பணியாற்றியவன் அல்லன். கடலோர அனல்மின் நிலையம் ஒன்றின் சுவிட்ச்யார்டில், அதாவது மின் லைன்கள் வந்து சேரும் திறந்தவெளி முற்றத்தில், பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆகவே கம்பிகளின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மின்சாரம் தயாரிக்கும் இடத்துக்கு வெளி மின்சாரம் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உலைக்குள் இறங்கியதும் அணுப்பிளவு சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே பிளந்த அணுக்களின் எச்சங்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத் திறனில் 6 முதல் 7 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவில் இருக்கும். அரை சதவீதம் என்றதும் அற்பமாகத் தோன்றலாம். 2,200 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உலைக்கு அது 11 மெகாவாட். அந்த வெப்பத்தை இரவும் பகலும் தண்ணீர் விட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை ஓட்டப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை நிறுத்தினால் கொதிகலன் தானாக ஆறிவிடும் என்பதால், எங்களுக்கு மின்தடை என்பது பெரும்பாலும் வருமான இழப்பு மட்டுமே. அவர்கள் நிலைமை வேறு.

புயல் கம்பிகளைக் கெடுப்பது கோபுரங்களைச் சாய்த்து மட்டும் அன்று. கடற்காற்று அலைத்துளிகளை அள்ளிவந்து பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் உப்பாகப் படியவிடும். அடைமழை கொட்டினால் எங்களுக்கு நிம்மதி, உப்பைக் கழுவிவிடும், தூறல்தான் பகை. ஈரமான உப்புப் படலத்தின் வழியே மின்சாரம் கசியத் தொடங்கும்போது யார்டு முழுவதும் சீறல் சத்தம் கேட்கும். இருட்டில் பார்த்தால் இன்சுலேட்டரின் மடிப்புகளுக்கு இடையே ஊதா நிறத்தில் சிறு பொறிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் பெரிய வெடிச்சத்தத்துடன் பொறி மேலிருந்து கீழ்வரை தாவும், மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழும், லைன் போய்விடும். கோபுரம் ஒன்றுகூடச் சாயாமலேயே நிலையம் தனித்துவிடும். பனி பெய்யும் நாடுகளில் உப்போடு ஈரப்பனியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருந்த பில்கிரிம் அணுமின் நிலையம் 2013 பிப்ரவரியிலும் 2015 ஜனவரியிலும் வீசிய பனிப்புயல்களின்போது 345 கிலோவோல்ட் லைன்களை இழந்து நின்றது.

இந்த விஷயத்தில் மிக விரிவாகப் பதிவான நிகழ்வு, 1992 ஆகஸ்ட் 24 அன்று ஃபுளோரிடாவின் டர்க்கி பாயின்ட் நிலையத்தின் மேலேயே ஆண்ட்ரூ புயல் கடந்துசென்றது. காற்று மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது; இடையிடையே வந்த வீச்சுகள் 280ஐத் தொட்டன. இரண்டு அணு உலைகளையும் முந்தைய நாள் மாலையிலேயே நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமான காரியம் என்பது என் கருத்து: சிதைவு வெப்பம் முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாகக் குறைகிறது, புயல் வந்து சேருவதற்குள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டால், லைன் போகும்போது சமாளிக்க வேண்டிய சுமை பல மடங்கு குறைந்திருக்கும். புயல் தாக்கியதும் வெளி மின்சாரம் முழுவதும் போனது. திரும்பி வர ஐந்து நாள்களுக்கும் மேலாயிற்று. அதுவரை டீசல் ஜெனரேட்டர்கள்தான் தாங்கின. அமெரிக்க நிலையங்களில் பொதுவாக ஏழு நாள் ஓட்டத்துக்கான டீசல் வைத்திருப்பார்கள் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், ஐந்து நாள் என்பது எவ்வளவு நீளமானது என்று புரியும்.

உலைக் கட்டிடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே வளாகத்தில் இருந்த உயரமான தண்ணீர்த் தொட்டி சரிந்து, தீயணைப்புக்குத் தண்ணீர் தரும் அமைப்பின் மேல் விழுந்து அதை முடக்கிவிட்டது. பக்கத்திலேயே இருந்த எண்ணெய் எரிக்கும் மின் அலகுகளின் 120 மீட்டர் உயரப் புகைபோக்கிகளில் ஒன்று விரிசல் கண்டு, பிறகு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தொலைபேசி, ரேடியோ எல்லாம் செயலிழந்து நிலையத்துக்கு வெளியுலகத் தொடர்பே சில மணி நேரம் அறுந்துபோனது. பாதுகாப்பு முக்கியத்துவம் இல்லாதது என்று சாதாரணத் தரத்தில் கட்டிய ஒன்று, முக்கியமானதன் மேல் போய் விழுவதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உலையின் சுவர் எத்தனை அங்குலம் என்று கணக்குப் போடும் நேரத்தில், யார்டில் கிடக்கும் தகரக் கூரையையும் சாரக்கட்டுக் குழாய்களையும் யார் கட்டிவைத்தார்கள் என்று கேட்பதே அதிகப் பயன் தரும். புயல் எச்சரிக்கை வந்ததும் எந்த நிலையத்திலும் முதல் வேலை, வளாகத்தைச் சுற்றி நடந்து, பறக்கக்கூடிய பொருள்களை எல்லாம் அப்புறப்படுத்துவதுதான்.

தண்ணீரின் கதை பிரான்சில் நடந்தது. ஜிரோந்து கழிமுகத்தின் கரையில் இருக்கும் பிளேயே நிலையத்தில், 1999 டிசம்பர் 27 மாலையில், கடல் ஏற்றமும் மார்ட்டின் புயலும் ஒன்றுசேர்ந்தன. அலைகள் கரையணையைத் தாண்டி வளாகத்துக்குள் விழுந்தன. உள்ளே வந்த தண்ணீர் நிலத்தடிக் கேபிள் பாதைகள் வழியாகவும், சரியாக அடைக்கப்படாத சுவர்த் துளைகள் வழியாகவும் பம்பு அறைகளுக்குள் இறங்கியது. முதல் அலகின் இன்றியமையாத குளிர்நீர்ப் பம்புகளில் ஒரு பகுதி மூழ்கிப்போனது. முதல் இரண்டு அலகுகளின் அவசரகாலப் பம்புகள் சில இருந்த அறைகளிலும் தண்ணீர் நின்றது. அதே மாலையில் வெளி மின் லைன்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின. உலைகள் பத்திரமாகவே இருந்தன, நிகழ்வு, அணு நிகழ்வுகளின் தீவிரத்தை ஏழு நிலை வரை அளக்கும் சர்வதேச அளவுகோலில் இரண்டாம் நிலையாகப் பதிவானது. அணையை உயர்த்தியது அதற்குப் பிறகுதான். காற்றையும் வெள்ளத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒரே இரவில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, ஃபுகுஷிமாவுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை அது. ஃபுகுஷிமாவில் 2011இல் நடந்ததும் சாராம்சத்தில் இதே வரிசைதான்: நிலநடுக்கம் வெளி லைன்களை அறுத்தது, சுனாமி டீசல் ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்தது.

கடலுக்கு அருகில் இருந்தால்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் நடுப்பகுதியில், அயோவா மாநிலத்தின் டுவேன் ஆர்னால்டு நிலையத்தை, நேர்க்கோட்டில் வீசிச் செல்லும் பெரும் இடிப்புயல் ஒன்று தாக்கியது. வெளி மின்சாரம் போயிற்று, உலை தானாக நின்றது, குளிர்விப்புக் கோபுரங்கள் நொறுங்கின, ஆற்றிலிருந்து வந்த குப்பை குளிர்நீர் வடிகட்டியை அடைத்ததால் பணியாளர்கள் அதைச் சுற்றுவழியில் திருப்பிவிட வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் மூடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், கோபுரங்களைப் பழுதுபார்க்காமல் அப்படியே மூடிவிட்டார்கள். பல நாள்களுக்கு முன்பே பெயர் சூட்டி வரும் கடற்புயலுக்கு முன்கூட்டி நிறுத்தலாம்; சில மணி நேர அவகாசத்தில் வரும் இத்தகைய காற்றுக்கு அந்த வசதி கிடையாது.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல் ஃபுளோரன்ஸ் புயலுக்குப் பின் வட கரோலினாவின் பிரன்ஸ்விக் நிலையம் முன்கூட்டியே நிறுத்தப்பட்டு நல்ல நிலையில்தான் இருந்தது; ஆனால் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்து வாகனங்கள் செல்ல முடியாமல் போனதால் அதற்கே ஓர் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இதனால்தான் புயலுக்கு முன்பே இரண்டு குழுக்களை உள்ளே வரவழைத்து, படுக்கையும் உணவும் கொடுத்துத் தங்கவைக்கிறார்கள். தன் வீட்டுக் கூரை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமலேயே பேனலுக்கு முன் அமர்ந்திருப்பவரின் மனநிலையைப் பற்றி எந்தக் கையேடும் பேசுவதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமான அனுபவம் கல்பாக்கத்துடையது. 2004 டிசம்பர் 26 அன்று வந்தது புயல் அன்று, சுனாமி. கடல்நீர்ப் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு நிறுத்தப்பட்டது, உலை பாதிக்கப்படவில்லை. கடலை ஒட்டித் தாழ்வாக இருந்தாக வேண்டிய ஒரே கட்டிடம் பம்ப் ஹவுஸ் என்பதால், அது நனைந்தாலும் வெப்பத்தை எடுக்க வேறு வழி இருக்கிறதா என்பதே அங்கும் கேட்க வேண்டிய கேள்வி.

புயல் ஓய்ந்ததும் உடனே ஓட்டிவிட முடியுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. முடியாது. உற்பத்தியாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள லைன்கள் நிற்க வேண்டும், நிலையத்துக்கே நம்பகமான வெளி மின்சாரம் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் கூடுதலாக, சுற்றுவட்டார மக்கள் வெளியேறும் சாலைகள் திறந்திருக்கின்றனவா, எச்சரிக்கை சைரன்கள் வேலை செய்கின்றனவா என்பதையும் அதிகாரிகள் பார்த்து உறுதிசெய்த பிறகே உலையை மீண்டும் இயக்க விடுகிறார்கள். உலையில் ஒரு திருகாணிகூடக் கழலாத நிலையமும், ஊருக்கு வெளியே மரங்கள் விழுந்து கிடப்பதால் பல நாள் காத்திருக்க நேரிடும்.